படிப்புக்கு ஓர் உறை, பயணத்துக்கு ஓர் உறை



ஜூன் மாதம் வந்தால் நம் பகுதி வீடுகள் பலவற்றில் நகை அடகுக்குப் போகிறது. அது போதாவிட்டால் வாரக் குழுக் கடன். அதற்கும் மேலே தெரிந்தவரிடம் கைமாற்று. பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றே, அவன் எந்த ஆண்டு கல்லூரிக்குப் போவான் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே கல்லூரிச் செலவு திடீர்ச் செலவு அல்ல. ஹஜ், உம்ரா செலவும் அப்படியே. தெரிந்த செலவுக்கு முன்கூட்டியே பணம் ஒதுக்காததுதான் நம்மை வட்டியில் கொண்டுபோய் விடுகிறது.

கடல் கடந்து போன நம் உறவுகளுக்குத் தெரிந்த நிறுவனம் மலேசியாவின் தபுங் ஹாஜி. கிராமத்து மக்கள் ஹஜ்ஜுக்காக நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டு, திரும்பி வந்து வறுமையில் விழுவதைப் பொருளாதார அறிஞர் உங்கு அஜீஸ் கவனித்தார். சிறுகச் சிறுகச் சேர்க்க வட்டியில்லாத ஓர் அமைப்பு வேண்டும் என்று 1959ல் யோசனை சொன்னார். 1963ல் அது செயலுக்கு வந்தது. பணத்தை 'இது ஹஜ்ஜுக்கு' என்று பெயர் சொல்லித் தனியே வைத்ததுதான் அதன் அடிப்படை. இதை நம் வீட்டிலும் செய்யலாம்.

பஸ் செலவையும் கணக்கில் வையுங்கள்

அரசுக் கலைக் கல்லூரியில் பெரும்பாலும் கட்டணத்தைவிடப் போய்வரும் செலவே பெரிது. மேல்மலையனூரிலிருந்து திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ போகும் பிள்ளைக்குப் பஸ்சுக்கும் டீக்கும் நாளுக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 24 நாளுக்கு 1,440 ரூபாய். பத்து மாதத்துக்கு 14,400 ரூபாய். சேர்க்கையன்று இதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆறு மாதம் கழித்து 'படித்தது போதும்' என்ற பேச்சு பல வீடுகளில் இதனால்தான் எழுகிறது.

அரசு கலைக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு அரசுப் பேருந்தில் இலவச பஸ் பாஸ் உண்டு. சேர்ந்த வாரமே கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்கு மட்டுமே. தொலைதூரப் பேருந்துகளில் செல்லாது.

நமக்கு உரியதைக் கேட்டுப் பெறுவோம்

• புதுமைப் பெண்: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது.

• 7.5 சதவீத ஒதுக்கீடு: அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் உண்டு. இதில் இடம் பெற்றவரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

• முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத உள்ஒதுக்கீடு 2007 முதல் நடைமுறையில் உள்ளது. சாதிச் சான்றிதழில் 'பிற்படுத்தப்பட்ட வகுப்பு (முஸ்லிம்)' என்று சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

• குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவர் என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழும், அதனுடன் வருமானச் சான்றிதழும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வையுங்கள். தேர்வு முடிவு வரும்வரை காத்திருந்தால் கூட்டத்தில் சிக்கிக்கொள்வீர்கள்.

புதுமைப் பெண் பணம் மூன்றாண்டில் 36,000 ரூபாய் ஆகும். அது மளிகைக் கடை பாக்கியில் கரையாமல், பிள்ளையின் பஸ்சுக்கும் புத்தகத்துக்கும் போகட்டும்.

வட்டியில்லாமல் சேர்க்கும் வழி

வருமானம் கைக்கு வந்த அன்றே இரண்டு உறைகளில் போடுங்கள்: ஒன்று படிப்புக்கு, ஒன்று பயணத்துக்கு. தினக்கூலி வாங்குவோர் நாளுக்கு 20 ரூபாய் போட்டாலும் ஆண்டில் 7,300 ரூபாய் சேரும். நம்பிக்கையான பத்துப் பெண்கள் சேர்ந்து குலுக்கல் சீட்டுப் போடலாம். எல்லோருக்கும் போட்ட தொகையே முழுதாகத் திரும்ப வர வேண்டும். தள்ளிக் கேட்கும் ஏலச்சீட்டு வேறு. அதில் சேருமுன் இமாமிடம் கேளுங்கள்.

'மாதம் இத்தனை ஆயிரம் லாபம்' என்று வருவோரிடம் எச்சரிக்கை தேவை. 2022ல் ஆருத்ரா நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தபோது, நம் பக்கத்து ஆரணி, செய்யாறு குடும்பங்கள் எத்தனையோ கலங்கி நின்றன. அதில் பிள்ளைகளின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் வைத்திருந்த பணமும் இருந்தது.

கைமாற்று வாங்கினால், உறவாக இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். கடனை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது.

எது முதலில்?

இரண்டு உறையும் நிறையாத ஆண்டும் வரும். ஹஜ், வசதி பெற்றவர் மீதே கடமை. வட்டிக்கு வாங்கியாவது புனிதப் பயணம் போக வேண்டும் என்று மார்க்கம் யாரையும் நெருக்கவில்லை. கல்லூரிச் சேர்க்கைக்கோ கடைசித் தேதி உண்டு. அதைத் தவறவிட்டால் பிள்ளைக்கு ஓராண்டு போய்விடும். அந்த ஆண்டு படிப்பு உறையை முதலில் நிரப்புங்கள். பயண உறையில் நூறு ரூபாயாவது போட்டு நிய்யத்தை உயிரோடு வையுங்கள்.

இத்தனையும் செய்து இன்னும் கொஞ்சம் குறைகிறது என்றால் தயங்க வேண்டாம். அடகுக் கடைக்குப் போகுமுன் ஜமாஅத்தையோ நம் டிரஸ்ட்டையோ அணுகுங்கள். வசதியுள்ளோர் ஜகாத், ஸதகா கொடுக்கும்போது படிப்பை நிறுத்தும் நிலையில் உள்ள பிள்ளைகளையும் நினைவில் கொள்ளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத்தையும், நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நம் அனைவருக்கும் கடனில்லாமல் அவன் இல்லம் காணும் பாக்கியத்தையும் தருவானாக, ஆமீன்.