கலவைக் கணக்கு – 9: பாஸ்கரரின் 240

பால் கேனில் எடுக்க எடுக்கத் தண்ணீர் ஊற்றும் கணக்கை இந்த வாரம் முடிப்பதாகச் சொல்லியிருந்தேன். எடையைச் செறிவால் பெருக்கினால் உள்ளே இருக்கும் சரக்கு கிடைக்கும். சென்ற வாரப் பாடத்திலிருந்து இது மட்டும் நினைவிருந்தால் போதும். பாலுக்குப் போகும் முன் லீலாவதியைப் புரட்டினேன். இந்த வாரம் முழுக்க அதுதான்.

இரண்டாம் பாஸ்கரர் 1150-இல் எழுதிய நூல். பொன் கணக்குக்கென்றே அதில் ஒரு பகுதி இருக்கிறது. நான்கு துண்டுத் தங்கம்: 10 மாஷம் எடை, தரம் 13; 4 மாஷம், தரம் 12; 2 மாஷம், தரம் 11; 4 மாஷம், தரம் 10. தரம் 16 என்றால் கலப்பில்லாத பொன். நான்கையும் சேர்த்து உருக்கினால் கட்டியின் தரம் என்ன? நான்கு தரங்களைக் கூட்டி நாலால் வகுத்துப் பதினொன்றரை என்று எழுதும் மாணவர்கள் இன்றும் உண்டு. தவறு. ஒவ்வொரு எடையையும் அதனதன் தரத்தால் பெருக்க வேண்டும்: 130, 48, 22, 40. மொத்தம் 240. எடை 20. ஆகவே தரம் 12.

பாஸ்கரர் இதோடு விடவில்லை. அதே கட்டியைப் புடம் போடுகிறார். 20 மாஷம் 16 ஆகக் குறைந்தால் தரம் என்ன? 15. தரம் 16-ஐத் தொட்டுவிட்டால் எடை என்ன? அதுவும் 15! இருபது பன்னிரண்டு, பதினாறு பதினைந்து, பதினைந்து பதினாறு: மூன்றும் 240. கசடு கழிகிறது, எடை இறங்குகிறது, தரம் ஏறுகிறது. பொன் மட்டும் துளியும் மாறவில்லை. உப்புக் கரைசலைச் சுண்டவைப்பதும் அமிலத்தை நீர்க்கச் செய்வதும் இதே கணக்குதான். மாறாதது எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். சமன்பாடு அதற்குப் பிறகு.

நூலின் பெயரிலுள்ள லீலாவதி பாஸ்கரரின் மகள், நீர்க்கடிகாரத்தில் முத்து விழுந்து அவளுடைய திருமண முகூர்த்தம் தவறியது என்ற கதை, அக்பர் அவையிலிருந்த ஃபைஸியின் 1587-ஆம் ஆண்டுப் பாரசீக மொழிபெயர்ப்பில் வருகிறது. அழகான கதை. ஆனால் இந்த 240 கணக்கை பாஸ்கரர் கேட்பது பொன் கணக்கு தெரிந்த ஒரு வணிகனிடம், அதுவும் சட்டென்று சொல்லச் சொல்லி. கடைத்தெருவில் பிறந்த கணிதம் இது. அதனால்தான் எனக்கு இதன்மேல் இத்தனை பிரியம்.

அவருடைய இன்னொரு கணக்கு. தரம் 10-இல் 3 மாஷமும் தரம் 14-இல் 1 மாஷமும் இருக்கின்றன. தரம் 16-இல் எவ்வளவு சேர்த்தால் கலவை 12 ஆகும்? சேர்ப்பதை ‘ப’ என்போம்.

30 + 14 + 16ப = 12(4 + ப)

இரண்டு பக்கமும் ‘ப’ வருவதைக் கவனியுங்கள். சேர்த்த பொன் சரக்கையும் கூட்டும், மொத்த எடையையும் கூட்டும். வலப்பக்கம் வெறும் 4 என்று எழுதிவிடுவதுதான் பலரும் சறுக்கும் இடம். 44 + 16ப = 48 + 12ப; எனவே ப = 1. லீலாவதியில் பாஸ்கரர் இதற்கு ஒரு விதியைத்தான் தருகிறார். இப்படி எழுத்து வைத்துத் தேடும் வழியை விரிப்பது அவருடைய பீஜகணிதம்.

பால் கேன் அடுத்த வாரம், உறுதியாக. அதற்குள் இதைப் போட்டுப் பாருங்கள்: 18 காரட்டில் ஒரு பவுன், அதாவது 8 கிராம் பழைய நகை. அதை 22 காரட்டாக்க எத்தனை கிராம் 24 காரட் தங்கம் சேர்க்க வேண்டும்? விடை முழு எண்தான். ஆனால் நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது.

(தொடரும்)