மலை முதல் கடல் வரை: தாவரங்களின் வாழிடம்



மலையைக் குறிஞ்சி என்றும், காட்டை முல்லை என்றும், வயலை மருதம் என்றும், கடற்கரையை நெய்தல் என்றும் அழைத்தவர்கள் நம் முன்னோர். இவை யாவும் தாவரங்களின் பெயர்கள். ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய தாவரங்கள் உண்டு என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

டென்மார்க் நாட்டுத் தாவரவியல் அறிஞர் வார்மிங், 1895-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், வாழிடத்தின் நீர்நிலையைக் கொண்டு தாவரங்களை வகுத்துக் காட்டினார். நீர்வாழ் தாவரம், வறள்நிலத் தாவரம், உவர்நிலத் தாவரம், இடைநிலத் தாவரம் என அவை நான்கு வகைப்படும்.

இவற்றைக் காண நாம் வெகு தொலைவு செல்ல வேண்டியதில்லை. பத்தாங் காலி ஆறு சிலாங்கூர் ஆற்றில் கலக்கிறது. சிலாங்கூர் ஆறு கோலா சிலாங்கூரில் கடலை அடைகிறது. அந்த நீரோடு நாமும் சென்று பார்ப்போம்.

மலையடிவாரத் தோட்டங்களில் பால்மரத்தையும் செம்பனையையும் காண்கிறோம். பால்மரம் தென் அமெரிக்காவின் அமேசான் காட்டிலிருந்தும், செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவை. பிறந்த மண்ணின் வெப்பமும் மழையும் இங்கும் இருந்தமையால் அவை நன்கு வேரூன்றின. நீர் தேங்காமலும் வறண்டு போகாமலும் உள்ள நிலத்தில் செழிக்கும் இவை இடைநிலத் தாவரங்களாகும். மழை குறையும் காலத்தில் பால்மரம் இலைகளை உதிர்த்து, நீர் வீணாவதைத் தடுத்துக்கொள்கிறது. அந்நாள்களில் பால் குறைவதை நம் பெற்றோர் அறிவர்.

வறண்ட பாலைவனம் நம் நாட்டில் இல்லை. ஆயினும், வீட்டு வாசலில் தொட்டியில் வளரும் கற்றாழையைப் பாருங்கள். தடித்த மடல்களில் நீரைச் சேமித்து வைக்கும் அது வறள்நிலத் தாவரமாகும். கள்ளிச் செடியிலோ இலைகளே முள்ளாக மாறியுள்ளன.

குளத்துத் தாமரை நீர்வாழ் தாவரம். அதன் தண்டை ஒடித்தால் உள்ளே துளைகள் தெரியும். சேற்றில் புதைந்த பகுதிக்கு அவ்வழியே காற்று செல்கிறது. தஞ்சோங் காராங் வயல்களில் நெல் நீரில் அழுகாமல் நிற்பதும் இத்தகைய காற்றறைகளால்தான்.

கோலா சிலாங்கூர்க் கடலோரச் சேற்றில் அலையாத்தி மரங்கள் வளர்கின்றன. உப்பு நீரிலும் வாழும் இவை உவர்நிலத் தாவரங்கள். பாக்காவ் மரத்தை ஊன்றுகோல் போன்ற வேர்கள் தாங்குகின்றன. அப்பி-அப்பி மரமோ சேற்றுக்கு மேலே வேர்களை நீட்டிச் சுவாசிக்கிறது. மிகுந்த உப்பை இலைகளின் வழியே வெளியேற்றுகிறது.

ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் கரைகளில் பெரெம்பாங் மரம் வளர்கிறது. கம்போங் குவாந்தானில் மின்மினிகள் கூடி ஒளிர்வது இம்மரத்தில்தான். அவற்றின் புழுக்கள் ஆற்றங்கரையின் ஈர மண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. மரத்தை வெட்டினாலும், கரையை அழித்தாலும், நீரில் நஞ்சு கலந்தாலும் மின்மினிகள் வாழ இயலாது.

மாணவர்களே! பத்தாங் காலியில் நாம் ஆற்றில் எறியும் குப்பையும், கொட்டும் நஞ்சும் அந்த மரத்தடியைத்தான் சென்றடையும். மின்மினியை நாம் பார்த்திராவிட்டாலும், அதன் வாழ்வில் நமக்கும் பங்குண்டு. ஆகவே, ஆற்றைத் தூய்மையாக வைத்திருப்போம். செடியைக் கண்டால் அதன் பெயரை மட்டும் கேளாமல், அதன் வேரும் இலையும் ஏன் அவ்வாறு அமைந்தன என்றும் கேட்போம்.