யார் இந்த ஆர்.வெங்கட்ராமன்? அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

நெமிலிச்சேரியில் மின்சார ரயில் ஏறி, பட்டரவாக்கத்தில் இறங்கி வேலைக்குப் போறவங்களுக்கு அம்பத்தூர் எஸ்டேட்தான் சோறு போடுது. 1960களில் அது உருவானபோது தொழில்துறை அமைச்சர், ஆர்.வெங்கட்ராமன்.

தொழிலாளர் சட்ட வழக்கறிஞரான இவர், 1957-ல் எம்.பி. பதவியை ராஜினாமா செய்துவிட்டு காமராஜர் அமைச்சரவையில் சேர்ந்தார். மேலவை முன்னவராகவும் இருந்தார்.

தொழிற்பேட்டை என்றால் என்ன?

சிறுதொழில் தொடங்குபவரின் கைக்காசு நிலம் வாங்குவதிலேயே கரைஞ்சிடும். அதனால் இடம், ரோடு, கரன்ட், ஷெட் எல்லாத்தையும் அரசே ஏற்பாடு செய்து தரும். முதலில் கிண்டி, பிறகு அம்பத்தூர்.

பிறகு என்ன ஆனது?

1967 தேர்தலில் காங்கிரஸ் தோற்றது. பத்து வருட அமைச்சர் பதவி முடிந்தது. 1987-ல் குடியரசுத் தலைவரானார். ஆனா, அடுத்து வந்த திமுக அரசு தொழிற்பேட்டை திட்டத்தைக் கைவிடவில்லை. அதற்காகவே 1970-ல் சிட்கோவைத் தொடங்கியது.