இலவசத்துக்கு ஏழை தரும் விலை

“இலவசம் கொடுத்துக் கொடுத்தே மக்களைக் கெடுத்துவிட்டார்கள்” என்று மூக்கைச் சுளிக்கும் மேதாவிகள் பெருகிவிட்டனர். அவர்களை நாம் அன்போடு அழைக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றின் பள்ளிக்கூடத்தில் நடக்கும் கண் முகாமுக்கு வாருங்கள். வந்து அந்த வரிசையைப் பாருங்கள்! பேரன் கையைப் பற்றியபடி தடவித் தடவி வரும் பாட்டி. காலமெல்லாம் களத்துமேட்டில் உழைத்துவிட்டு, எதிரே நிற்பது மகனா மருமகனா என்பதைக் குரலைக் கேட்டே தெரிந்துகொள்ளும் கிழவர். இவர்களா கெட்டுப்போனவர்கள்?

கண்புரை தீராத நோயல்ல. விழிக்குள் இருக்கும் வில்லை மங்கிவிடுகிறது. அதை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையைப் பொருத்தினால் போதும். தேர்ந்த மருத்துவருக்குச் சில நிமிட வேலை. அந்தச் சில நிமிடத்துக்காக ஆண்டுக்கணக்கில் இருட்டிலே காத்துக்கிடக்கிறாள் ஏழைத் தாய்.

இதை மாற்றக் கிளம்பியவர்களில் ஒருவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. 1918-ல் கரிசல் சீமையில், உழவர் வீட்டில் பிறந்தவர். முடக்குவாதம் அவருடைய விரல்களை முறுக்கிப் போட்டது. முறுக்கிய விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகி, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-ல், மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வசதியுள்ளவர் தரும் கட்டணத்திலே வசதியற்றவரின் கண்ணும் திறக்கும் என்பதே ஏற்பாடு. 2006-ல் அவர் மறைந்தார், ஏற்பாடு நிலைத்துவிட்டது.

ஆனால், சிகிச்சை இலவசம் என்று அறிவித்தவுடன் கூட்டம் அலைமோதியதா? இல்லை! ஏன்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பாட்டிக்கு அறுவை இலவசம், சரி. பஸ் கட்டணம்? துணைக்கு வரும் மகனின் இரண்டு மூன்று நாள் கூலி? வெளியூரில் சோறு? வீட்டிலே ஆட்டையும் கைக்குழந்தையையும் பார்ப்பது யார்? இலவசத்துக்கு ஏழை தரும் விலை இது. மேதாவிகளின் பேரேட்டிலே இந்தப் பத்தி கிடையாது.

இந்த உண்மையை முகாம் நடத்தியவர்கள் பட்டறிவால் கற்றார்கள். கிராமத்திலே சோதனை, தேவைப்படுவோரை அங்கிருந்தே பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, உணவும் படுக்கையும் தந்து, அறுவை முடித்து, ஊரிலே கொண்டுவந்து விடுவது என்று முறையை வகுத்தார்கள். முற்காலத்தில் பள்ளிக்கூடக் கட்டடத்திலேயே அறுவை நடந்ததும் உண்டு. கிருமித் தொற்றுக்கு அஞ்சி அதைக் கைவிட்டது நல்ல முடிவு. ஏழையின் கண் என்றால் எந்த மேசையும் போதும் என்று எண்ணலாமா?

இத்தனைக்குப் பிறகும் ஓர் இடி! தென்னாட்டுக் கிராமங்களில் நடந்து 1999-ல் வெளியான ஆய்வு ஒன்று, முகாமுக்கு வரவேண்டியவர்களில் நூற்றுக்கு 7 பேரளவில்தான் வந்தார்கள் என்று சொன்னது. மற்றவர்களைத் தடுத்தவை எவை? கண்ணே போய்விடுமோ என்ற அச்சம், செலவு, குடும்பப் பொறுப்பு. அவற்றோடு, “இந்த வயசுக்கு மேலே எனக்கெதற்குப் பார்வை?” என்கிற விரக்தி. அந்த விரக்தியைக் கிழவியின் மனத்திலே விதைத்தவர்கள் யார்? வீட்டிலுள்ள நாம்தானே! பின்னாளில் சிற்றூர்களுக்கு அருகிலேயே நிலையான கண் மையங்கள் தோன்றியதற்கு இந்தப் பாடமும் ஒரு காரணம்.

முகாம் நடத்தும் நண்பர்களுக்கு நாம் ஒன்று சொல்லவேண்டும். ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டுகிறீர்கள். வண்ண வண்ணமாய், தலைவர் படத்தோடு. பார்வை மங்கியவருக்குச் சுவரொட்டியிலே அழைப்பு! இந்தச் சாமர்த்தியத்தை என்னென்று புகழ்வது? அறுப்பு நாளிலே முகாம் வைத்துவிட்டு, ஆளே வரவில்லை என்று அலுத்துக்கொள்கிறீர்கள். முன்னரே அறுவை செய்துகொண்டு பார்வை பெற்ற பாட்டி ஒருத்தி அந்தத் தெருவிலேயே இருப்பாள். அவளை வீடு வீடாக அழைத்துச் செல்லுங்கள். அச்சத்தைப் போக்க அவளைவிடச் சிறந்த பேச்சாளர் நம்மிடையே யாருமில்லை. அடுத்த முகாமில் சுவரொட்டிச் செலவில் பாதியை ஆட்டோ வாடகைக்கு ஒதுக்குங்கள். திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பவர்களின் பெயர்ப் பட்டியலை இன்றே எழுதத் தொடங்குங்கள்.