சொந்த இதயத் துடிப்பே பயமுறுத்தும்போது...

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள் பெரியவர்கள். பீதிக் கோளாறு உள்ளவர்களுக்கோ தங்கள் சொந்த இதயத் துடிப்பே பேயாகத் தெரிகிறது.

புக்கிட் ரம்பாய் தொழிற்பேட்டைக்கு இரவு வேலைக்குப் போகும் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த சற்று நேரத்தில் நெஞ்சு படபடக்கிறது. மூச்சு முட்டுகிறது. விரல்கள் மரத்துப் போகின்றன. உயிரே போய்விடும் போல் இருக்கிறது. மருத்துவமனைக்கு ஓடுகிறார். இசிஜியும் சரி, இரத்தப் பரிசோதனையும் சரி. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதே நிலை. "சும்மா நடிக்கிறான்" என்கிறார்கள் சிலர். "காத்து கருப்பு பட்டிருக்கும், மந்திரித்துக் கயிறு கட்டுங்கள்" என்கிறார்கள் வேறு சிலர். அவர் நடிக்கவும் இல்லை, பேய் பிடிக்கவும் இல்லை. அப்படியென்றால் உடம்பில் என்னதான் நடக்கிறது?

உடம்பு அடிக்கும் அபாய மணி

ஆபத்து வந்தால் எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடம்பு தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-ஆம் ஆண்டில் இதை விளக்கினார். செம்பனைத் தோட்டத்தில் காலடியில் பாம்பைக் கண்டால் நடப்பதும் இதுதான். மூளை எச்சரித்ததும், சிறுநீரகங்களின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் வேகமாக அடித்து, ஓடுவதற்கு வேண்டிய இரத்தத்தைத் தொடைத் தசைகளுக்கு அனுப்புகிறது. தோலுக்குப் போகும் இரத்தம் குறைவதால் கைகால் சில்லிடுகிறது. மூச்சும் வேகமெடுக்கிறது.

ஓடுகிறவருக்கு இந்த மூச்சு பயன்படும். பஸ்ஸில் உட்கார்ந்தபடி வேகமாக மூச்சு விட்டால், இரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைகிறது. மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றுகிறது. உதடும் விரல் நுனியும் மரக்கின்றன. மூச்சு போதவில்லை என்று தவிப்பவர் உண்மையில் தேவைக்கு அதிகமாகவே மூச்சு விடுகிறார்!

பயத்தின் சுழல்

இது எல்லோருக்கும் நடப்பதுதான். பீதிக் கோளாறில் என்ன வேறுபாடு? பிரிட்டிஷ் உளவியல் அறிஞர் டேவிட் கிளார்க் 1986-இல் இதற்கு விடை சொன்னார். சாதாரணப் படபடப்பை மாரடைப்பு என்று மனம் தவறாகப் புரிந்துகொள்கிறது. அந்தப் பயம் மேலும் அட்ரினலினைச் சுரக்க வைக்கிறது. படபடப்பு கூடுகிறது, பயமும் கூடுகிறது. மாடிப்படி ஏறினாலோ, கடுமையான கோப்பி-ஓ குடித்தாலோ வரும் படபடப்புகூட இதைத் தொடங்கி வைக்கலாம்.

மன அழுத்த ஹார்மோன் அதிகம் சுரப்பதே காரணம் எனப் பலர் நினைக்கிறார்கள். ஆனால், அந்நியர்கள் முன் பேசவும் மனக்கணக்குப் போடவும் வைத்து நெருக்கடி கொடுத்த சில ஆய்வுகளில், இவர்களுக்குக் கார்ட்டிசோல் மற்றவர்களைவிடக் குறைவாகவே ஏறியது. மாறாக, 35 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றை ஒரே ஒரு முறை உள்ளிழுத்ததும் இவர்களில் பலருக்குப் பீதி வந்தது. வெளியே உள்ள நெருக்கடியைவிட உடம்புக்குள் எழும் மாற்றமே இவர்களை அதிகம் மிரள வைக்கிறது.

என்ன செய்யலாம்?

முதல் முறை நெஞ்சு வலித்தால், "வெறும் பயம்தான்" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. 999-ஐ அழைக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நீரிழிவு இதய நோய்க்கு வழிவிடும். தைராய்டு கோளாறும் படபடப்பு தரும். இவை இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பிறகே பீதிக் கோளாறு பற்றி யோசிக்க வேண்டும்.

பீதி பெரும்பாலும் 10 நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு தானாகவே இறங்கிவிடும். அதுவரை மூச்சை மெதுவாக வெளியே விட்டு, இருந்த இடத்திலேயே இருப்பது நல்லது. பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், "பஸ்தான் ஆபத்து, இறங்கியதால் பிழைத்தோம்" என்று மூளை பாடம் கற்றுக்கொள்ளும். அடுத்து சந்தை, அதன் பிறகு கோயில் திருவிழா என ஒவ்வொன்றாக ஒதுக்கி, கடைசியில் வேலையையும் விட்டு வீட்டுக்குள் முடங்கிப் போனவர்கள் உண்டு. பீதியைவிடப் பெரிய இழப்பு இதுதான்.

இதைக் குணப்படுத்த வழி இருக்கிறது. அறிதல் நடத்தைச் சிகிச்சையில், நோயாளியை வேண்டுமென்றே படியேற வைத்து, நாற்காலியில் சுழல வைத்து, படபடப்பால் உயிர் போகாது என்பதை உடம்புக்கே கற்றுத் தருகிறார்கள். மருந்துகளும் உண்டு. அவை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்பதால், பாதியில் நிறுத்தக் கூடாது. அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, தேவைப்பட்டால் மலாக்கா மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேட்டுப் பெறலாம். 2022-இல் சுகாதார அமைச்சு தொடங்கிய 15555 என்ற மனநல உதவி எண்ணையும் அழைக்கலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. "உனக்கு ஒன்றுமில்லை" என்று அதட்டாமல், "பயப்படாதே, பத்து நிமிடத்தில் அடங்கிவிடும், நான் கூடவே இருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். கட்டிய கயிற்றைவிட அந்தச் சொல் அவருக்குத் தெம்பு தரும்.