வேலியோரத்து நரியும் வீட்டு நாயும்

வால் கயிறுபோல மெலிந்து, விலாவில் மயிர் உதிர்ந்து, பட்டப்பகலில் வேலியோரம் நிற்கிறது ஒரு நரி. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ரூஜ் பள்ளத்தாக்கை ஒட்டிக் குடியிருப்பவர் இதைக் கண்டால் முதலில் நினைப்பது, "விசர் நரி!" பெரும்பாலும் விசரில்லை, சொறி. மயிர் போன உடம்புக்கு ரொறன்ரோக் குளிர் தாங்காது. சூடும் தீனியும் தேடி வீட்டடிக்கு வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட நரிகளை ரொறன்ரோ வைல்ட்லைஃப் சென்டர் பிடித்து, குணமாக்கித் திரும்ப விடுகிறது.

நரி உரசிப்போன இடத்தில் நம் நாய் முகர்ந்து புரண்டாலும் சொறி ஒட்டலாம். சார்கொப்டீஸ் என்ற நுண்ணிய உண்ணி தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடும். இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். காதோரம், முழங்கை, வயிறு என்று நாய் இரவெல்லாம் சொறியும். நாமோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று தீனியை மாற்றிக்கொண்டிருப்போம்.

மிருக வைத்தியர் காதுமடலின் விளிம்பை இரு விரலுக்கிடையில் வைத்துத் தேய்ப்பார். உடனே பின்னங்கால் தானாக எழுந்து காற்றைச் சொறிந்தால் சந்தேகம் வலுக்கும். தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தாலும் உண்ணி பல வேளை அகப்படாது. அதனால் 'ஒன்றும் இல்லை' என்ற முடிவை நம்பிக் காத்திராமல், சந்தேகத்தின் பேரிலேயே மருந்து தொடங்குவார்கள். டெமோடெக்ஸ் என்ற இன்னொரு உண்ணியின் கதை வேறு. அது தாயிடமிருந்து குட்டிக்கு வருவது, நாய்க்கு நாய் பரவாது, எதிர்ப்புச் சக்தி குறையும்போதுதான் தலைதூக்கும்.

ஊரில் சொறி நாய்க்கு எஞ்சின் கழிவு ஒயிலைப் பூசிவிடுவார்கள். நாய் அதை நக்கினால் நஞ்சு, தோலும் வெந்துபோகும். இன்று அஃபொக்சோலானர், சரோலானர் போன்ற மாத்திரைகளே வேலையை முடித்துவிடுகின்றன. வலிப்பு வந்த நாய்க்கு இவை ஒத்துக்கொள்ளாமல் போகலாம், வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். 2015 நோபல் பரிசுக்குக் காரணமான ஐவர்மெக்டினும் உண்ணியைக் கொல்லும். ஆனால் கொலி இன நாய்கள் பலவற்றில் ஒரு மரபணுக் கோளாறால் அது மூளைக்குள் புகுந்து உயிருக்கே ஆபத்தாகும். குதிரைக்கு விற்கும் பேஸ்ட்டை வாங்கிக் குத்துமதிப்பாகக் கொடுப்பது, என்னைக் கேட்டால், ஒயில் பூசுவதைவிட மோசம்.

வீட்டில் இரண்டு நாயிருந்தால் சொறியாததற்கும் மருந்து வேண்டும். படுக்கைத் துணியைச் சுடுநீரில் துவையுங்கள். நாயைத் தூக்கித் திரிந்தவரின் கையிலும் சிவப்புப் பருக்கள் வரலாம். நாயின் உண்ணி மனிதத் தோலில் பெருகாது. நாய் தேறியதும் அந்தப் பருக்களும் அடங்கிவிடும்.