பேருவளை: கடலும் கல்லும் சொல்லித் தரும் வியாபாரம்

காலி வீதியால் தெற்கே போகும் எமது வர்த்தகர்களில் பெரும்பாலானோருக்குப் பேருவளை ஒரு தேநீர் நிறுத்தம் மட்டுமே. கொழும்பிலிருந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டர் தூரம். கெச்சிமலைப் பள்ளிவாசலைத் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டு, அப்படியே பெந்தோட்டை, காலி என்று போய்விடுகிறோம். அண்மையில் இரண்டு நாட்களை இந்த ஊருக்கென்றே ஒதுக்கினேன். ஒரு பக்கம் மீன்பிடித் துறைமுகம், மறுபக்கம் இரத்தினக்கல் சந்தை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இந்த இரண்டு தொழில்களும் ஒரே ஊரில் எப்படி நிற்கின்றன என்று பார்ப்பதே என் நோக்கம். பார்த்ததில் எமது வியாபாரங்களுக்குப் பயன்படக்கூடிய சில விடயங்களை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பழைய துறை

அரபு வணிகர்கள் வந்து தங்கிய மிகப் பழைய குடியிருப்புகளில் ஒன்று பேருவளை. மருதானையிலுள்ள மஸ்ஜிதுல் அப்ரார் கி.பி. 920 ஆம் ஆண்டில் கட்டப்பட்டதாக ஊர் வரலாறு கூறுகிறது. கரைக்கு அப்பால் உள்ள சிறு தீவில் 1889 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட வெளிச்சவீடு இன்றும் நிற்கிறது. கப்பல் ஒதுங்க இடம், உள்நாட்டிலிருந்து பொருள் வந்து சேர வழி, வாக்கை நம்பிக் கொடுக்கல் வாங்கல் செய்யும் மக்கள் ஆகிய மூன்றும் இருந்த இடத்தில்தான் அன்றைய வியாபாரி தங்கினான். இன்று கடை போட இடம் தேடுபவரும் இந்த மூன்றையும்தான் தேடுகிறார்.

துறைமுகத்தில்: ஐஸ்தான் முதல்

அதிகாலையிலேயே துறைமுகத்துக்குப் போய்விட வேண்டும். பலநாள் படகுகள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் நின்றுவிட்டுத் திரும்புகின்றன. கெலவல்லாவும் பலயாவும் வரிசையாக இறங்குகின்றன. மீனை வெட்டி, சதையின் நிறத்தைப் பார்த்துத்தான் தரம் பிரிக்கிறார்கள். முதல் தரம் ஏற்றுமதிக்கு, அடுத்தது உள்ளூர்ச் சந்தைக்கு, மிஞ்சுவது கருவாட்டுக்கு. ஒரே படகில், ஒரே வலையில் வந்த மீன்களுக்கே மூன்று விலை.

அங்கிருந்த ஒரு படகு உரிமையாளரிடம், “நானா, இந்த விலை வித்தியாசம் எங்கே உண்டாகிறது?” என்று கேட்டேன். “ஐஸ் பெட்டிக்குள்ளே” என்றார். பயணத்தின் முதல் நாட்களில் பிடிபட்ட மீன்தான் கரைக்கு வரும்போது மிகப் பழையது. ஐஸ் குறைந்தால் முதலில் கெடுவதும் அதுதான். கெலவல்லா போன்ற மீன்கள் குளிர் குறைந்த நிலையில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகிறது. ஒரு தடவை உருவாகிவிட்டால் சமைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. வெளிநாட்டுக் கொள்வனவாளர் முதலில் பரிசோதிப்பவற்றில் அதுவும் ஒன்று.

இதைக் கணக்காகப் பார்ப்போம். விளங்கிக்கொள்வதற்காக நான் எடுக்கும் கற்பனை எண்கள் இவை. 1,000 கிலோ மீனில் 700 கிலோ முதல் தரமாகக் கிலோ 1,200 ரூபாவுக்கும், 300 கிலோ கழிவுத் தரமாக 500 ரூபாவுக்கும் போனால் மொத்தம் 9 இலட்சத்து 90 ஆயிரம். அதே மீனில் 900 கிலோ முதல் தரமாக வந்தால் 11 இலட்சத்து 30 ஆயிரம். ஒரு மீனும் கூடுதலாகப் பிடிக்காமல் 1 இலட்சத்து 40 ஆயிரம் வித்தியாசம். மேலதிக ஐஸுக்கும் நல்ல பெட்டிக்கும் ஆகும் செலவு அதைவிடக் குறைவாக இருக்கும்வரை, அது செலவல்ல, முதலீடு. எமது கடைகளிலும் கொள்வனவு விலையில் ஐந்து ரூபா குறைக்க மணிக்கணக்கில் பேசுகிறோம். களஞ்சியத்தில் ஈரம் பட்டும் எலி கடித்தும் போவதை எத்தனை பேர் எழுதி வைக்கிறோம்?

எரிபொருள் அடி

செலவைக் கழித்த பிறகு மிஞ்சுவதை உரிமையாளரும் தொழிலாளரும் பங்கிட்டுக்கொள்வதே இந்தத் தொழிலின் வழக்கம். எரிபொருள் விலை ஏறினால் இருவர் வீட்டு அடுப்பும் பாதிக்கப்படும். 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுகள் மண்ணெண்ணெயில்தான் ஓடுகின்றன. அந்த மாதங்களைப் பற்றி இங்குள்ளவர்கள் இன்றும் கசப்போடுதான் பேசுகிறார்கள். கையில் சிறிது சேமிப்பு வைத்திருந்தவர் தாங்கினார். முதலாளிமாரிடம் முற்பணம் வாங்கியே தொழில் செய்தவர் பிடித்த மீனை அவர்கள் சொன்ன விலைக்கே கொடுக்க நேர்ந்தது. கடன் வாங்கிய இடத்துக்கே சரக்கையும் விற்க வேண்டிய நிலை வந்தால், விலை பேசும் உரிமை கையை விட்டுப் போய்விடுகிறது. இது மீனவருக்கு மட்டும் உரிய பிரச்சினையல்ல. மொத்த வியாபாரியிடம் கடன் ஏறிய சில்லறைக் கடைக்காரரின் நிலையும் இதுதான்.

ஒரு கொப்பி இல்லாததால் மூடிய சந்தை

துறைமுகத்தில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் இன்னொரு சம்பவம் ஐரோப்பியத் தடை. சட்டவிரோத, அறிக்கையிடப்படாத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2012 நவம்பரில் இலங்கைக்கு எச்சரிக்கை விடுத்தது. போதிய முன்னேற்றம் இல்லையென 2014 ஒக்டோபரில் தடையை அறிவித்தது. 2015 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. படகுகளுக்குச் செய்மதிக் கண்காணிப்புக் கருவி, பயணப் பதிவேடு, ஆழ்கடல் அனுமதிப்பத்திரம் என்று ஒழுங்குகள் கொண்டுவரப்பட்ட பின், 2016 ஜூனில்தான் தடை நீங்கியது.

மீன் கெட்டுப்போனதால் வந்த தடை அல்ல இது. எங்கே, எப்போது, எப்படிப் பிடித்தோம் என்பதற்குச் சரியான பதிவு இல்லாததால் வந்தது. ஒழுங்காகத் தொழில் செய்தவரும் சேர்ந்தே நட்டப்பட்டார். “எனக்கு எல்லாம் மனக்கணக்கு” என்று பெருமைப்படும் எமது வியாபாரிகள் இதைச் சிந்திக்க வேண்டும். வங்கியும் வெளிநாட்டுக் கொள்வனவாளரும் வரித் திணைக்களமும் மனக்கணக்கைப் படிக்க மாட்டார்கள்.

சீனன்கோட்டையில்: கல்லைப் படித்தவன்

துறைமுகத்திலிருந்து சிறிது தூரத்தில் சீனன்கோட்டை. சந்தை கூடும் நாட்களில் வீதி நிறைய ஆட்கள். ஒவ்வொருவர் கையிலும் மடித்த கடதாசி, அதற்குள் கல். ஒருவருடைய கல்லை இன்னொருவர் வாக்கை மட்டும் நம்பி விற்பனைக்கு வாங்கிக்கொண்டு போகிறார். வாக்கு மாறியவருக்கு மறுநாள் சந்தையில் கல் கிடைக்காது. நீதிமன்றத்தைவிட வேகமான தண்டனை இது.

இங்கே எனக்குச் சொல்லப்பட்டவற்றில் மிக முக்கியமானது ‘கெவுட’ என்ற பால் நிறக் கல்லின் கதை. ஒரு காலத்தில் இதைப் பெறுமதியற்ற கல்லாகவே எம்மவர்கள் ஒதுக்கினார்கள். 1970 களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதை மலிவாக வாங்கிச் சென்றனர். அங்கே மிக உயர்ந்த வெப்பத்தில் சூடாக்கியபோது, கல்லுக்குள் இருந்த மெல்லிய இழைகள் கரைந்து, இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து நீல நிறம் தந்தன. எமது மண்ணில் குப்பையாகக் கிடந்தது அங்கே நீல மாணிக்கமாகி விற்பனையானது. அந்த வித்தையை எம்மவர்கள் கற்றுக்கொள்வதற்குள் எவ்வளவு கல் போயிருக்கும்! எனினும் கற்றுக்கொண்டார்கள். சூடாக்கிய கல்லை அவ்வாறே சொல்லி விற்பதும், ஆய்வுகூடச் சான்றிதழோடு கொடுப்பதும்தான் நல்ல வியாபாரியின் அடையாளம். சூடாக்கியது தெரியாமல் வாங்கியவர் இரண்டாம் தடவை வரமாட்டார்.

இந்தச் சந்தையிலிருந்து எழுந்தவர்தான் மர்ஹூம் நளீம் ஹாஜியார். கல்லில் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு 1973 ஆம் ஆண்டில் ஜாமிஆ நளீமிய்யாவை அவர் நிறுவினார். ஹாஜியார் 2005 இல் காலமானார், கலாபீடம் தொடர்ந்து நடக்கிறது. வியாபாரியின் இலாபம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்கு இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது.

சுற்றுப்புறம்

தெற்கே அளுத்கமையும் பெந்தோட்டையும். ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் உல்லாச விடுதிகள். நல்ல மீனுக்கு நல்ல விலை கொடுக்கும் வாடிக்கையாளர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் நாளாந்தம் ஒரே தரத்தில், சொன்ன நேரத்துக்கு, பற்றுச்சீட்டோடு கொடுப்பவரிடம்தான் விடுதிகள் வாங்கும். இளைஞர்கள் சிலர் சேர்ந்து மீனைச் சுத்தம் செய்து, பொதி செய்து, குளிரூட்டிய வாகனத்தில் கொண்டு கொடுத்தால் அது நல்ல தொழிலாக அமையும்.

அளுத்கமைக்கு அருகேயுள்ள தர்கா நகருக்கும் போனேன். 2014 ஜூன் 15 இல் வெடித்த வன்செயலில் இப்பகுதியில் உயிர்கள் போயின. கடைகளும் வீடுகளும் எரிந்தன. பல வருட உழைப்பு ஓர் இரவில் சாம்பலானது. அதற்குப் பத்து வருடங்களுக்கு முன்னர், 2004 டிசம்பர் 26 இல், இதே கரையைக் கடல் கோள் தாக்கியது. ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கடையின் காப்புறுதிப் பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். தீக்காப்பு மட்டும்தானா, கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான மேலதிகக் காப்பும் வெள்ளக் காப்பும் சேர்க்கப்பட்டுள்ளனவா என்று கேளுங்கள். அந்த மேலதிகக் காப்பு தானாக வருவதில்லை, கேட்டுப் பணம் செலுத்திச் சேர்க்க வேண்டும். தக்காபுல் முறையில் செய்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

மூன்று கேள்விகள்

பேருவளையைப் பார்த்த பின் ஒவ்வொரு வியாபாரியும் தன்னிடம் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. என் சரக்கில் எவ்வளவு, எந்த இடத்தில் தரம் இழக்கிறது? நான் மலிவாக விற்றுவிடும் பொருளில் எனக்குத் தெரியாத பெறுமதி ஏதும் ஒளிந்திருக்கிறதா? நாளை ஒருவர் வந்து கேட்டால், என் வியாபாரத்தை எழுத்தில் காட்ட முடியுமா?

அடுத்த முறை காலி வீதியால் போகும்போது பேருவளையில் தேநீர் குடித்துவிட்டுப் போய்விடாதீர்கள். சுபஹுத் தொழுகை முடிந்ததும் துறைமுகத்துக்குள் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். நாளை உங்கள் கல்லாவில் அமரப் போகிறவர்கள் அவர்கள்தானே.